ஏலக்காய் உலர்த்தி: எதற்கெல்லாம் காப்புரிமை எடுப்பது?

கேள்வி (கம்பம்மெட்டு, வெல்டிங் பட்டறை):

ஏலக்காய் ஸ்டோர்களுக்கு, அதாவது காய் உலர்த்தும் கூடங்களுக்கு, உலர்த்தி செய்து தருகிறேன். கீழ்த்தட்டுக் காய் வெளுத்துவிடும். மேல்தட்டில் ஈரம் நிற்கும். தட்டுகளுக்கு நடுவே சாய்வாக ஒரு தகடு வைத்தேன். அனல் பக்கவாட்டில் திரும்பி, எல்லாக் காயும் ஒரே பச்சையில் இறங்குகிறது. சென்ற ஆண்டு வண்டன்மேட்டில் இரண்டு விற்றேன். அடுத்த பருவத்திலேயே வேறொரு பட்டறை அதே தகட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டது. இப்போது ஈரம் குறையக் குறையத் தானே மூடிக்கொள்ளும் புகைபோக்கி மூடி ஒன்றும், காம்பு உதிர்க்கும் உருளை ஒன்றும் செய்திருக்கிறேன். மூன்றுக்கும் காப்புரிமை எடுக்கலாமா?

பதில் 1 (தேனி, காப்புரிமை முகவர்):

ஐயா, சொல்ல வருத்தமாக இருக்கிறது. விற்றுவிட்ட தகடு புதியதாகக் கருதப்படாது, அதை விட்டுவிடுங்கள். மூடியையும் உருளையையும் இன்னும் யாருக்கும் காட்டவில்லை என்றால், அவைதாம் உங்கள் சொத்து.

இரண்டும் வெவ்வேறு கருத்துகள், ஆகவே தனித்தனி விண்ணப்பம். முதலில் மூடிக்குத் தற்காலிக விண்ணப்பம் (தேதியைப் பிடித்து வைக்கும் முதல் விண்ணப்பம்) போடுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். அன்றிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பு தர வேண்டும். தற்காலிக விண்ணப்பத்தில் எழுதாத எதற்கும் அந்த விண்ணப்பத் தேதி கிடைக்காது; வில் (ஸ்பிரிங்), கீல், அளவு எல்லாவற்றையும் வரைந்து கொடுங்கள். பட்டறை கேரளத்தில் இருந்தாலும் விண்ணப்பம் போவது சென்னை அலுவலகத்துக்குத்தான்.

உரிமைக்கோரல், அதாவது எது உங்களுடையது என்று வரையறுக்கும் பகுதி, எழுதும்போது உங்கள் தகட்டை நகலெடுத்த பட்டறைக்காரராக உட்கார்ந்து யோசியுங்கள். வில்லுக்குப் பதில் எடைக்கல் தொங்கவிட்டால் தப்பிவிடுவாரா? தப்புவார் என்றால் கோரல் குறுகியது. தெரிந்த உறுப்புகளைச் சும்மா அடுக்கியது என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவில் ஆட்சேபம் வரலாம். அதற்குப் பதில் சொல்ல, மூடி இருந்தபோதும் இல்லாதபோதும் ஈரம், விறகு, நேரம் எவ்வளவு என்று இப்போதே நோட்டில் குறித்து வையுங்கள்.

பிறகு மூடியை மேம்படுத்தினால் சேர்ப்புக் காப்புரிமை கேட்கலாம். தனியாகப் புதுப்பிப்புக் கட்டணம் இல்லை, ஆனால் மூலக் காப்புரிமையின் 20 ஆண்டோடு அதுவும் முடியும். எத்தனை காப்புரிமை என்று எண்ணாதீர்கள். நகல் எடுப்பவர் எந்த இடத்தைத் தொடாமல் உலர்த்தி செய்யவே முடியாதோ, அங்கே பணத்தைப் போடுங்கள்.

பதில் 2 (போடி):

அண்ணன், நான் தரம் பிரிக்கும் சல்லடைக்கு வடிவமைப்புப் பதிவு மட்டும் எடுத்தேன். 10 ஆண்டு, இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம் என்று நிம்மதியாக இருந்தேன். எதிராளி வெளித்தோற்றத்தை மாற்றி, உள்ளே என் வேலையையே செய்துவிட்டார். அந்தப் பதிவு பார்வைக்குத் தெரியும் தோற்றத்தைத்தான் காக்கும். பெயருக்கு வணிகச்சின்னம் எடுங்கள். தோட்டக்காரர்கள் பெயர் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:

நன்றி அம்மா, நன்றி தம்பி. நெடுங்கண்டத்திலிருந்து ஒருவர் நாளை மூடியைப் பார்க்க வருவதாக இருந்தார். அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டேன். மூடியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தாயிற்று. இன்று இரவு வரைபடம் போட உட்காருகிறேன்.