எஞ்சின் இறுகிய மசி 240: எது நியாயமான விலை?

விசுவமடு வயல்காரி:
எங்கள் முற்றத்தில் ஒரு மசி பேர்கசன் 240 உழவு இயந்திரம் நிற்கிறது. மீள்குடியேறி வந்தபின், 2012இல் என் கணவர் வாங்கியது. அவர் இப்போது இல்லை. சென்ற மாதம் புழுதி உழவின்போது ரேடியேட்டரின் கீழ்க்குழாய் வெடித்துவிட்டது. மகன் கவனிக்காமல் இன்னும் இரண்டு சால் ஓட்டியிருக்கிறான். எஞ்சின் முனகிக்கொண்டு நின்றது, பிறகு அசையவில்லை. ஒரு தரகர் வந்தார். ரயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் போனால் இரும்புதான், 6 இலட்சம்" என்றார். இதே வயது வண்டி ஓடும் நிலையில் எங்கள் பக்கம் 18 இலட்சத்துக்குக் கைமாறியது எனக்குத் தெரியும். நான் 14 கேட்கிறேன். இது கூடுதலா?

பரந்தன் உழவன்:
கூடுதல்தான் அக்கா. கோபிக்காதீர்கள், நான் வாங்குகிறவன் பக்கம் நின்று சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒன்று வாங்கினேன். "ஹெட் காஸ்கட் மட்டும்தான் போயிருக்கிறது" என்றார்கள், எஞ்சின் தலைக்கு அடியில் வரும் தகடு அது. கழற்றினால் புளொக்கிலேயே, எஞ்சினின் வார்ப்பு உடலிலேயே, வெடிப்பு. வேறு புளொக் தேடி அலைந்ததில் பெரும்போக விதைப்பு முடிந்துவிட்டது. ஐந்து ஏக்கருக்கும் கூலிக்கு உழுவித்தேன். எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை வாங்குகிறவன் மோசமான நிலையைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். 18இலிருந்து திருத்தச் செலவைக் கழித்தால் மட்டும் போதாது. இழுத்துச் செல்லும் கூலி, உதிரிப்பாகத்துக்கு அலையும் நாட்கள், ஒரு போகம் தவறினால் வரும் நட்டம் எல்லாம் அதில் வரும். 9க்கு மேல் நான் தரமாட்டேன்.

ஒட்டுசுட்டான் தம்பி:
அண்ணை, நீங்கள் பட்ட நட்டத்தை அக்காவின் வண்டியில் கழிக்கப் பார்க்கிறீர்கள். இறுகியது எஞ்சின் மட்டும்தான். கியர்பெட்டி, பின் அச்சு, ஹைட்ரோலிக், பெரிய ரயர் இரண்டு, இவையெல்லாம் வேலை செய்த நிலையில்தான் வண்டி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் ஏறியபின் ஒரு சோடிப் பின் ரயரின் விலை என்ன என்று கடையில் கேட்டுப் பாருங்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை இழுத்துக்கொண்டு போய் விட்டுவந்த உழவு இயந்திரங்கள் எடைக்கு எடை இரும்பாக லொறியில் போனதைப் பார்த்த ஊர் இது. அந்தக் கணக்கை இன்றைக்கும் ஒருவர் வாசலில் வந்து சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை.

கனகராயன்குளம் கராச்:
இருவரும் மூடிய எஞ்சினுக்கு விலை பேசுகிறீர்கள். அக்கா, முதலில் மூன்று வேலை செய்யுங்கள், காசு செலவில்லை. எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அடுத்து, சம்பின், அதாவது எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியின், அடித் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, எண்ணெய்க்கு முன் அதுதான் வரும். வருகிற எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடியுங்கள். மினுமினுப்பு இருந்தால் பெயாரிங் தேய்ந்து கரைந்திருக்கிறது. மூன்றாவது, இன்ஜெக்டர் மூன்றையும் கழற்றி, துளைகளில் சிறிது டீசல் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் எஞ்சினின் முன்பக்கக் கப்பியின் (pulley) நட்டில் நீண்ட பாரைப் போட்டுத் திருப்புங்கள், வன்மையாக அல்ல. அசைந்தால் பிஸ்டன் லைனரோடு (அது ஓடும் உட்குழாயோடு) ஒட்டியதுதான், கிராங் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) தப்பியிருக்க இடமுண்டு.

அது மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ், இரண்டரை லீற்றர். பிஸ்டன், லைனர், ரிங் மாற்றுவது எங்களுக்குத் தினசரி வேலை. விலையைத் தீர்மானிப்பது கிராங். அதை 10, 20, 30 என்று படிப்படியாகத்தான் கடையலாம், அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் அத்தனை பங்கு என்று கணக்கு. ஏற்கெனவே 30 கடைந்ததாக இருந்தால் பெரும்பாலும் வேறு கிராங்தான் தேட வேண்டும். அந்த எண் பெயாரிங் ஓட்டின் முதுகில் அடித்திருக்கும். சம்பைக் கழற்றி, பெயாரிங்கை மூடியிருக்கும் ஒரு கப்பைத் திறந்தால் தெரிந்துவிடும். கிராங் நல்லதென்றால் என் கணக்கில் நாலரை இலட்சத்துக்குள் முடியும். கிராங்கும் புளொக்கும் போயிருந்தால் ஏழைத் தாண்டும். இந்த இரண்டரை இலட்சத்துக்குத்தான் நீங்கள் சண்டை பிடிக்கிறீர்கள்.

பரந்தன் உழவன்:
சரி, கழற்றும் கூலியை யார் கொடுப்பது? நான் கொடுத்துக் கழற்றிய பிறகு அக்கா வேறொருவருக்கு விற்றால்?

ஒட்டுசுட்டான் தம்பி:
பாதிப் பாதி. வாங்கினால் உங்கள் பாதி விலையில் கழியும், வாங்காவிட்டால் அக்கா திருப்பித் தரட்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விதைப்பு நெருங்குகிறது, அக்கா அவசரப்படுவார் என்று நினைத்து விலையைக் குறைக்காதீர்கள்.

பரந்தன் உழவன்:
அதை நான் ஏற்கமாட்டேன் தம்பி. அவசரத்துக்கும் விலை உண்டு, எனக்கும் அதே அவசரம்தான். இரணைமடுக் குளத்தை நம்பி விதைக்கிறவன் நான், மழை பிடித்தால் வயலில் இறங்கியாக வேண்டும். புதிதாகக் கட்டிய எஞ்சினை உடனே சேற்றில் இறக்க முடியாது, சில நாட்கள் இலேசான வேலையில் ஓட்டிப் பழக்க வேண்டும். அந்த நாட்களை எனக்கு யார் தருவார்கள்?

கனகராயன்குளம் கராச்:
உழவன் சொல்வது சரிதான். பழக்கும் நாட்கள் உண்மையான செலவு. ஆனால் அது ஒரு போகத்தின் விலை அல்ல, சில நாட்களின் விலை. இன்னொன்று, வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். நிதி நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக நிற்கிறதா? எஞ்சின் இலக்கம் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா? வேறு எஞ்சின் ஏற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த இலக்கத்தைப் பதிய வேண்டும். அதை விட்டுவிட்டு வாங்கியவர்கள் பின்னர் பெயர் மாற்ற முடியாமல் என் கராச்சுக்கு வந்து அழுதிருக்கிறார்கள்.

விசுவமடு வயல்காரி:
புத்தகம் என் பெயரில், கடன் இல்லை. இலக்கம் பொருந்துகிறது. கராச் அண்ணை சொன்னபடி செய்தேன். எண்ணெய் பால் தேநீர் நிறம்தான், துணியில் மினுமினுப்பு இல்லை. டீசல் விட்டு இரண்டு இரவு வைத்தோம். இன்று காலை மகனும் அவனுடைய மாமாவும் பாரைப் பிடித்தார்கள், கால் சுற்று அசைந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சனிக்கிழமை சம்பைக் கழற்ற ஆள் வருகிறது. பெயாரிங் முதுகில் 20 வரை இருந்தால் 12 கேட்பேன், 30 இருந்தால் 10. அதற்குக் கீழே இறங்கமாட்டேன், மழை வந்தாலும் சரி.

பரந்தன் உழவன்:
20 என்றால் 11 தருகிறேன் அக்கா, 12 இல்லை. 30 என்றால் என் 9தான். சனிக்கிழமை நானும் வருகிறேன், கப்பை என் கண் முன்னால் திறக்கட்டும். கூலியில் என் பாதியைக் கையோடு கொண்டுவருகிறேன்.

ஒட்டுசுட்டான் தம்பி:
பதினொன்றரை என்று சொல்லுங்கள் அண்ணை.

பரந்தன் உழவன்:
சனிக்கிழமை பெயாரிங்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.