44 மேக்னத்துக்கு ஈய புல்லட்: இன்னும் கெட்டியா வாங்கணுமா?

ஹூஸ்டன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் ஒரு 44 மேக்னம் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் வாங்கினேன், கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகல, அதான் சுட்ட தோட்டாவோட கூட்டுல நானே மருந்தும் புல்லட்டும் போட்டுக்கிற ரீலோடிங்ல இறங்கிட்டேன். 240 கிரெயின் எடை, செமி வாட்கட்டர்ங்கிற தட்டை மூக்கு புல்லட், 0.429 இன்ச் விட்டம், ஹார்ட் காஸ்ட் (கெட்டி ஈயம்)னு போட்ட டப்பா, 500 வாங்கினேன். லோட் புக்ல ஈய புல்லட்டுக்குன்னு தனியா இருக்கிற ஆரம்ப மருந்து அளவைத் தாண்டல. ஆனா 30 ரவுண்டுக்குள்ள பேரல் தொடக்கத்துல ஈயம் அப்பிக்கிச்சு, 25 கஜத்துல குரூப் (குண்டுங்க விழுற பரப்பு) சாப்பாட்டுத் தட்டு சைஸ். இதைவிட கெட்டியா வாங்கவா, இல்ல அடியில செம்பு மூடி வெச்ச கேஸ் செக் டைப்புக்குப் போகவா?

ஈயச்சட்டி:
தம்பி கெட்டி மெதுவெல்லாம் அப்புறம், மொதல்ல சைஸ். ஈயம் ஒட்டுதுன்னா புல்லட் மெதுன்னு நெனச்சு இன்னும் கெட்டியா வாங்குவோம், நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் காசைக் கரைச்சேன். புல்லட் சின்னதா இருந்தா பக்கவாட்டு இடுக்குல சூடான வாயு பீறிட்டுப் போகும், அதுதான் ஈயத்தை வழிச்சு பேரல்ல பூசுது. மெது ஈயம்னா பின்னாடி அடி விழுந்ததும் கொஞ்சம் உப்பி இடுக்கை அடைச்சுக்கும், உங்க லேசான லோடுக்கு கெட்டி ஈயம் உப்பவே உப்பாது.

தோட்டா இல்லாத சிலிண்டரைக் கழட்டி முன்பக்கமா ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு புல்லட்டைப் போடுங்க. தானா விழுந்தா சின்னது. பென்சிலால தள்ளி லேசா அழுத்தினா போகணும். அப்புறம் மீன்பிடிக்கிற மெது ஈய குண்டு ஒன்னை எண்ணெய் தடவி பேரல்ல தட்டி வெளிய எடுத்து மைக்ரோமீட்டர்ல அளங்க, வெர்னியர் போதாது. த்ரோட், அதாவது சிலிண்டர் ஓட்டையோட முன்வாய், பேரலை விட ஒரு பொட்டு பெருசா இருக்கணும், புல்லட் த்ரோட் அளவுக்கு இருக்கணும். த்ரோட் பேரலை விட சின்னதா இருந்துச்சுன்னா எந்த புல்லட் வாங்கியும் பிரயோஜனமில்ல, துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித்துகிட்ட குடுத்து ரீம் பண்ணி த்ரோட்டைப் பெருசாக்கணும்.

மொன்டானா_மாமா:
மேல சொன்னது சரி, ஆனா பாதிதான். சைஸ் சரியா வாங்கிட்டு தோட்டாவோட பித்தளைக் கூட்டுல ஏத்தும்போதே நசுக்கிடறவங்க இருக்காங்க. ஏத்தின ஒன்னைப் புடுங்கி திரும்ப அளந்து பாருங்க, 0.431 போட்டது 0.429 ஆகி வந்தா கூட்டு வாயை விரிக்கிற எக்ஸ்பாண்டர் சின்னது.

கெட்டித்தனம்னா, பிரினெல்ங்கிற கெட்டித்தன அளவுல சுத்த ஈயம் 5, புல்லட் வார்க்கிற லைமன் நம்பர் 2 கலவை சுமாரா 15, அச்சகத்து லினோடைப் ஈயம் 22. நீங்க செகண்டுக்கு 900, 1000 அடி வேகத்துல சுடறதுக்கு 12 தாராளம், முழு மேக்னம் வேகத்துக்குப் போனாத்தான் கேஸ் செக். அடி சரிவா சீவின பெவல் பேஸ் வேண்டாம், மெஷினுக்கு சௌகரியம், வாயு நுழையவும் சௌகரியம். எனக்கு துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் டிசைன்தான், தட்டை அடி, கூட்டு வாயை மடிச்சுப் பிடிக்க ஆழமான கிரிம்ப் பள்ளம். 1955ல 44 மேக்னம் வந்ததே அந்த மனுஷன் 44 ஸ்பெஷல்ங்கிற பழைய தோட்டாவை வெச்சு வருஷக்கணக்கா நச்சரிச்சதாலதான். அந்தப் பள்ளத்துல ரோல் கிரிம்ப் நல்லா குடுங்க, இல்லன்னா ரீகாயில்ல மிச்ச தோட்டாவோட புல்லட் முன்னாடி நகர்ந்து வந்து சிலிண்டர் சுத்தாம மாட்டிக்கும்.

ஹூஸ்டன்வாசி:
அண்ணா, மாமா, ரெண்டு பேருக்கும் நன்றி. ஆறு ஓட்டையிலயும் தடதடன்னு விழுந்துடுச்சு! பேரல் 0.429, த்ரோட் 0.431. 12 பிரினெல் கீத் டைப் 0.431 ஆர்டர் போட்டாச்சு. ஒட்டின ஈயத்தை எடுக்க செம்பு ஜாக்கெட் தோட்டா நாலு சுட்டா போதும்னு ரேஞ்ச்ல ஒருத்தர் சொன்னார், செய்யலாமா?

ஈயச்சட்டி:
வேண்டாம் தம்பி, ஏற்கனவே அடைச்ச பேரல், பிரஷர் எகிறும், ஈயத்தை இன்னும் இழைச்சும் விட்டுடும். பாத்திரம் தேய்க்கிற செம்பு நாரை பழைய பிரஷ்ல சுத்தி தேய்ங்க, உரிஞ்சு வரும். காந்தம் வெச்சு பாத்து வாங்குங்க, செம்பு பூசின இரும்பும் விக்கறாங்க. முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, ஈயம் வெளையாட்டில்ல.

ஹூஸ்டன்வாசி:
வீட்ல இருந்த நார்ல காந்தம் பச்சக்குனு ஒட்டிக்கிச்சு 😂 மிச்சம் 470 புல்லட்டை என்ன பண்றது?

மொன்டானா_மாமா:
கீத் அச்சு ஒன்னு வாங்கி, அதை உருக்கி சுத்த ஈயம் கொஞ்சம் சேத்து நீங்களே வார்த்துக்கோங்க, கெட்டியும் குறைஞ்சுடும். வெளிய காத்தோட்டமா வெச்சு உருக்குங்க, தண்ணி ஒரு சொட்டு விழக்கூடாது, தெறிக்கும். வீட்டம்மா சட்டியை மட்டும் எடுத்துடாதீங்க.