புதுப்பிப்பு: பிரான்ஸின் லூவான் ஊரில் கிறிஸ்துமஸ் ஷாப்போன் கிடைத்தது

முன்பதிவு செய்யாமல் பிரான்ஸின் பிரெஸ் பகுதி ஷாப்போன், அதாவது காயடித்துக் கொழுக்க வைத்த சேவல், கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

இரண்டு இறைச்சிக் கடைகளிலும் கைவிரித்துவிட்டார்கள். “லூவான் திங்கட்கிழமைச் சந்தைக்கு விடியுமுன் போங்கள்” என்ற யோசனைதான் பலித்தது. தாமதித்திருந்தால் வெறுங்கைதான்.

எதிர்பாராதது: பறவையைத் துணியில் இறுக்கித் தைத்திருந்தார்கள், கழுத்திறகோடு தலை மட்டும் வெளியே. தொட்டில் குழந்தை போல! கொழுப்பு சதைக்குள் சீராகப் படியவே இந்தக் கட்டாம். பிரித்தால் ஈரல், இரைப்பை உள்ளேயே இருந்தன, சமைக்குமுன் எடுத்துவிடுங்கள்.

ஷாப்போன் 3 கிலோவுக்குக் குறையாது. அடுப்பை முதலில் அளந்துகொள்ளுங்கள்; நான் அளக்கவில்லை, கால்களை மடக்கிக் கட்ட வேண்டியதாயிற்று.