பரம்பரைச் சொத்துக்கு வரி போட்டால் ஏழைப் பிள்ளை மேலே வருமா?

பேட்டை மகள்:
"படித்தால் யாரும் முன்னேறலாம், அப்பன் சொத்து ஒரு விஷயமே இல்லை" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. பாளையங்கோட்டையில் என்னோடு படித்தவளுக்கும் எனக்கும் பிளஸ் டூவில் கிட்டத்தட்ட ஒரே மார்க். இரண்டு பேருக்கும் நீட் முதல் தடவை கைகூடவில்லை. அவள் வீட்டுக்குக் கடை வாடகை வந்தது, ஒரு வருஷம் கோச்சிங் போனாள். எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவள். நான் கிடைத்த பி.எஸ்சி.யில் சேர்ந்தேன். சொத்து உள்ளவருக்குத்தான் காத்திருக்க முடிகிறது. அதற்கு வரி போட்டால் என்ன தப்பு?

அம்பை விவசாயி:
தங்கச்சி, உன் ஆதங்கம் புரிகிறது. ஆனால் 1953இல் கொண்டுவந்த எஸ்டேட் டூட்டியை, அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்துக்குப் போட்ட வரியை, 1985இல் எடுத்துவிட்டார்கள். வசூல் சொற்பம், வசூலிக்கிற செலவு அதிகம். பெரிய ஆட்கள் டிரஸ்ட் வைத்துத் தப்பிப்பார்கள், மாட்டுவது என்னைப் போன்றவன்தான். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர். தண்ணீர் வராவிட்டால் கார் நெல் சாகுபடி கிடையாது, அடுத்து வரும் பிசான சாகுபடி மட்டும்தான். நிலத்துக்கு விலை இருக்கிறது, கையில் காசு ஏது? வரி கட்ட வயலைத்தான் விற்கணும்.

பேட்டை மகள்:
இரண்டு ஏக்கருக்கு யாரும் கேட்கவில்லை அண்ணாச்சி, கோடிகளுக்கு மேல் போடட்டும். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் மாஞ்சோலை மலைக்காட்டை ஒரு கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் கம்பெனி லைன் வீட்டில்தான் இருந்தார்கள். 2024இல் கம்பெனி வெளியேறச் சொன்னபோது பிள்ளைகளுக்குக் கொடுக்க அவர்களிடம் என்ன இருந்தது? உழைப்பு குறைவா?

அம்பை விவசாயி:
அவர்களுக்கு வேண்டியது வீடும் பட்டாவும். அதற்கு வரி எதற்கு? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்ததே, யார் சொத்தைத் தொட்டார்கள்?

கடையம் செல்வி:
அந்த 7.5க்கும் நீட் தேறணுமே அண்ணாச்சி. சரி, வரி இருக்கட்டும். மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது. அப்புறமும் எங்கள் பக்கம் "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு" என்று சொல்லி, பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். என்னிடமும் வாங்கினார்கள். அண்ணன் அந்த வீட்டை வைத்து லோன் எடுத்துத் தொழில் தொடங்கினான். எனக்கு எந்த பேங்கும் தரவில்லை. உங்கள் இரண்டு ஏக்கரில் கூடப் பிறந்தவளுக்குப் பங்கு உண்டா, அண்ணாச்சி?