புதுப்பிப்பு: ஷேக்கிள் போல்ட் ஒருவழியாக வெளியே வந்தது

பழைய டிரக்கின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை (பட்டை வில்) சேஸியோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் ஷேக்கிளின் போல்ட் கழலவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். நட்டு வந்துவிட்டது. போல்ட்டைத் திருப்பினால் அதைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ்ஷும் (நடுவே உலோகக் குழாய் உள்ள ரப்பர் உருளை) கூடவே முறுக்கி, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியது. அப்போதுதான் புரிந்தது, துரு பிடித்திருப்பது புஷ்ஷின் உள்குழாயில். 2 நாள் ஊற்றிய எண்ணெய் அங்கே எட்டவே இல்லை. சூடுகாட்டினால் ரப்பர் தீப்பிடிக்கும், அதனால் அது வேண்டாம் என்று விட்டேன்.

சரி என்று சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷேக்கிள் தகட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருபுறமும் அறுத்தேன். வெட்டுமுகத்தில் போல்ட் எது, குழாய் எது என்றே தெரியவில்லை!

புது புஷ், அதே கிரேடு போல்ட், மரையில் படாமல் தண்டில் மட்டும் ஆன்டி-சீஸ் (துருவேறி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் கிரீஸ் போன்ற பூச்சு). கடைசி இறுக்கம் வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடும்.