மனுவில் ‘கண்டிக்கிறோம்’ என்பதற்கு இங்கிலீஷில் எந்தச் சொல்?

மண்டபம் தென்கடல்:
நாட்டுப்படகுக்காரங்க சார்பா மீன்வளத்துறை உதவி இயக்குநருக்கு இங்கிலீஷ்ல மனு எழுதணும். விசைப்படகுங்க கரையிலேர்ந்து 3 கடல் மைலுக்குள்ள வந்து இரட்டைமடி (ரெண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்குறது, இங்கிலீஷ்ல ‘பேர் ட்ராலிங்’) இழுக்குறதுதான் விஷயம். இப்படி எழுதியிருக்கேன்: “வீ சென்ஷர் தி டிபார்ட்மென்ட். வீ டிப்ளோர் தி போட் ஓனர்ஸ். வீ ஆப்ஜெக்ட் பேர் ட்ராலிங். ப்ளீஸ் ஸ்கோல்ட் தெம்.” அகராதியில எல்லாத்துக்கும் ‘கண்டி’ன்னே போட்டிருக்கு. சரியா?

கீழக்கரையான்:
நாலுமே இடறுது தம்பி. ‘சென்ஷர்’ அதிகாரம் உள்ளவங்க முறைப்படி செய்யுறது. மத்திய அரசு ஊழியர் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்குறதுக்கான 1965 விதிகள்ல சிறு தண்டனைப் பட்டியலோட முதல் வரியே அதுதான். மனு கொடுக்குறவங்க துறையை சென்ஷர் பண்ண முடியாது. ஸ்பெல்லிங்கையும் பாத்துக்குங்க, கடைசி எழுத்துங்க மாறினா சினிமாவை வெட்டுற ‘சென்ஸர்’ ஆயிடும்.

‘டிப்ளோர்’ செயலைத்தான் குறிக்கும், ஆளை இல்ல. ஓனரை டிப்ளோர் பண்ணக் கூடாது, அவர் போடுற வலையைப் பண்ணலாம். அதுல வருத்தமும் கலந்திருக்கும்.

‘ஆப்ஜெக்ட்’தான் உங்களுக்குத் தோதான சொல். ஆனா பின்னாடி ‘டு’ வந்தே ஆகணும்: “வீ ஆப்ஜெக்ட் டு பேர் ட்ராலிங்.” ‘ஸ்கோல்ட்’ வீட்டுல புள்ளைய ஏசுறது. அரசாங்கக் காகிதத்துல வந்தா சிரிப்பாங்க.

தொண்டி வடக்கு:
‘கண்டெம்’ போட்டா என்னன்னு அடுத்து கேப்பீங்க. அது ரொம்பக் கனமான சொல். நடுக்கடல்ல மீனவர் மேல துப்பாக்கிச் சூடு நடந்தா எழுதுறது. அதை வலைக்கே செலவழிச்சுட்டா பெருசுக்கு எதை எடுப்பீங்க? எழுதுனாலும் ‘கண்டெம் அகெய்ன்ஸ்ட்’ கிடையாது, நேரா ‘கண்டெம் தி அட்டாக்’. ‘டினவுன்ஸ்’ ஊரறியச் சாட்டுறது, மேடைக்கும் சுவரொட்டிக்கும் சரி, உறையில போட்டு ஒட்டுற மனுவுக்கு ஒட்டாது. கண்டெம் ஆன போட்டுன்னா ஓட்டத் தகுதியில்லாததுன்னு ஒதுக்கினது, அது தனிக் கணக்கு.

மண்டபம் தென்கடல்:
அப்ப ‘ஸ்கோல்ட்’டுக்குப் பதிலா ‘ரெப்ரிமாண்ட்’ போடட்டுமா? ‘அட்மானிஷ்’?

கீழக்கரையான்:
ரெண்டும் வேணாம். ‘ரெப்ரிமாண்ட்’ மேலதிகாரி தனக்குக் கீழ உள்ளவரை முறைப்படி கண்டிக்கிறது. படகு ஓனர் துறையோட ஊழியர் இல்லையே. ‘அட்மானிஷ்’ புத்திமதி சொல்றது. 1958 நன்னடத்தைச் சட்டம் 3-ஆம் பிரிவுல சின்னக் குற்றத்துக்கு நீதிமன்றம் புத்தி சொல்லி விட்டுடலாம்னு இருக்கு, அங்க இருக்கிற சொல் அதுதான். அதைக் கேட்டு எழுதினா, புத்தி சொல்லி அனுப்பிட்டோம்னு பதில் வரும்! அந்த இடத்துல கண்டிக்கிற சொல்லே வேணாம்: “டேக் ஆக்‌ஷன் அண்டர் தி தமிழ்நாடு மரைன் ஃபிஷிங் ரெகுலேஷன் ஆக்ட், 1983.”

தொண்டி வடக்கு:
‘ரெப்ரோச்’சையும் தொடாதீங்க. அதுல ‘நீங்களே இப்படிப் பண்ணலாமா’ங்கிற ஆதங்கம் இருக்கும், உறவுக்குள்ள வர்றது. ‘டிஸ்அப்ரூவ்’ எழுதினா ‘ஆஃப்’ சேருங்க. இல்லாட்டி ஃபைலுக்கு அனுமதி மறுத்த மாதிரி ஆயிடும்.

பேச்சுலயும் ஒரு பொறி இருக்கு. நம்ம ஊர்ல ‘ச்சு ச்சு’ன்னா அய்யோ பாவம். இங்கிலீஷ்காரன் அதே மாதிரி நாக்கைத் தட்டினா, நீ பண்ணினது பிடிக்கலைன்னு அர்த்தம்.