வியர்வை தெரியாத வெயில்

வெயிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆஸ்திரேலியப் பாலைவெளி எம்மாத்திரம் என்று எண்ணித்தான் நானும் என் அறைத்தோழனும் ஒரு ஜனவரி மாதத்தில் அடிலெய்டிலிருந்து முதுகுப்பைகளுடன் வடக்கே புறப்பட்டோம். பல்கலைக்கழகத்தின் நீண்ட விடுமுறை அங்கே கோடையில்தான் வருகிறது என்பதைத் தவிர, அந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு வேறு காரணம் இல்லை. தங்கும் விடுதிகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்றும் நாங்கள் யோசிக்கவில்லை.

முதலில் இறங்கிய ஊர் கூபர் பீடி. 1915-இல் ஓப்பல் கல் கண்டெடுக்கப்பட்ட அவ்வூரில் பலர் இன்றும் பாறையைக் குடைந்த வீடுகளிலேயே வசிக்கிறார்கள். வெளியே அனல் வீசினாலும் உள்ளே 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். அங்கே போர்வை போர்த்தி உறங்கிய இரண்டு இரவுகள்தாம் எங்களுக்குப் பொய்யான துணிச்சலைத் தந்தன என்று இப்போது தோன்றுகிறது.

கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பைச் சுற்றிவரும் பாதை 6 கிலோமீட்டர். வெப்பநிலை 36 டிகிரியை எட்டும் என்று முன்னறிவித்த நாட்களில் காலை 9 மணிக்குள் நடக்கத் தொடங்கிவிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. நாங்கள் 8.40-க்குத் தொடங்கினோம். விதிப்படி சரிதான், ஆனால் விவரம் தெரிந்தவர்கள் விடியற்காலையிலேயே ஏறி, நாங்கள் தொடங்கிய நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

சென்னையில் பத்து நிமிடம் நடந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்; அதைப் பார்த்துத்தான் நமக்குத் தண்ணீர் நினைவே வரும். அங்கோ காற்றில் ஈரமே இல்லாததால், வியர்வை தோலில் அரும்பும்போதே உலர்ந்துவிடுகிறது. "வியர்க்கவே இல்லையே, எதற்கு இத்தனை தண்ணீர்?" என்று என் தோழன் பாதி வழிவரை பாட்டிலைத் தொடவே இல்லை. அவனுடைய கருநீலச் சட்டையில், பையின் வார் அழுத்திய ஓரத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோல் உப்பு பூத்திருந்ததைக் கண்டும் எனக்கு உறைக்கவில்லை. சிறிது நேரத்தில் தலை வலிக்கிறது என்றான்; பிறகு, அந்த வெயிலில், உடல் சிலிர்க்கிறது என்றான்.

பின்னால் நடந்து வந்த வயதான பெண்மணி ஒருவர் அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பெயர், ஊர் எதுவும் கேட்கவில்லை. "கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாய்? என்ன நிறம்?" என்பதே அவருடைய முதல் கேள்வி. அவன் கூச்சத்தோடு, அதிகாலையில் என்றான். பாறை நிழலில் அமரவைத்து, துணியை நனைத்துப் பிடரியில் போட்டு, உப்பு பிஸ்கட்டைக் கடிக்கச் சொல்லி, ஒரு மிடறு ஒரு மிடறாகத் தண்ணீர் குடிக்கவைத்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே அவன் எழுந்தான். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நான்கும் விடுதி அறையில் துணிகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

* * *

மேலே எழுதிய நண்பர் நடந்து சிக்கிக்கொண்டார். நான் நடக்காததால் தப்பினேன்.

தென் ஆஸ்திரேலியாவில் மாரி என்ற ஊரிலிருந்து மார்லா என்ற ஊர் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஊட்னடாட்டா மண்சாலையில், டிசம்பர் இறுதியில், நானும் வேறொரு நண்பரும் சென்ற வண்டியின் ஒரு டயர் கிழிந்தது. மாற்றிய உபரி டயரும் அடுத்த அரை மணியில் கிழிந்தது. 1980-இல் கைவிடப்பட்ட பழைய கான் ரயில் பாதையை ஒட்டியே செல்லும் சாலை அது. கைபேசியில் சிக்னல் கிடையாது. ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானதை முந்தைய இரவுதான் ரசித்துப் படித்திருந்தோம்.

அடுத்த ஊர் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்று வரைபடம் காட்டியது. மாலைக்குள் போய்விடலாம் என்று என் நண்பர் பையை மாட்டிக்கொண்டார். அந்த வெயிலில் அவ்வளவு தூரத்துக்கு வேண்டிய தண்ணீரைச் சுமந்தபடி யாராலும் நடக்க முடியாது என்று நான் மறுத்தேன். வாய்ச்சண்டை முற்றி, இனி முகத்திலேயே விழிக்க மாட்டார் என்று நினைத்தேன். வண்டியில் 40 லிட்டர் தண்ணீர் இருந்தது. கடைசியில் இருவரும் வண்டியின் நிழலில் பாயை விரித்துப் படுத்தோம். மண்ணின் சூடு பாய்க்கு மேலும் சுட்டது. கண்ணோரத்து ஈரத்துக்காக ஈக்கள் மொய்த்தன. வலைத்தொப்பியைக் கழற்றினால் வாய்க்குள்ளேயே புகுந்தன.

ஐந்து மணி நேரம் கழித்து, கால்நடைப் பண்ணை ஒன்றில் வேலை செய்பவர் தம் பிக்கப் வண்டியில் வந்தார். டயரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்கள் இரண்டு பேர்தானா? யாரும் நடந்து போகவில்லையே?" என்று கேட்டார். இல்லை என்று நான் சொன்ன பிறகும், குனிந்து சாலையோர மண்ணில் காலடித் தடம் ஏதும் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எங்களை ஏற்றிக்கொண்டார்.